பல பெயர்ப்பலகைகள், ஒரே முகவரி

லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளியாகும் ஆங்கில நாவல்களில் பல சென்னையிலோ புதுச்சேரியிலோ அச்சுக்காகப் பக்கம் கட்டப்பட்டவை. சிலவற்றின் பதிப்புரிமைப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஊர்ப் பெயரே இருக்கும். கிண்டிப் பக்கம் அப்படியோர் அலுவலகத்தில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. நாவலை நாங்கள் கதைக்காகப் படிப்பதில்லை. பத்தியின் கடைசி வரி அடுத்த பக்கத்தில் தனியே தொங்குகிறதா, சொல் தவறான இடத்தில் உடைகிறதா என்றுதான் பார்ப்போம். அப்படிப் பார்ப்பவர்கள் கண்ணில் கதையைவிட உரிமைப் பக்கம்தான் அதிகம் படும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு நாவலில் நாய் முத்திரை, இன்னொன்றில் வீட்டு முத்திரை, மூன்றாவதில் பறவை. மூன்றும் மூன்று பதிப்பகங்கள் என்று வாசகர் நினைப்பார். அடியில் இருக்கும் முகவரி ஒன்றே. நாய் முத்திரை கொண்ட க்னாஃப் பதிப்பகம் 1960-இல் வீட்டு முத்திரை கொண்ட ரேண்டம் ஹவுஸுக்குள் போனது. ரேண்டம் ஹவுஸை 1998-இல் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மன் வாங்கியது. 2013-இல் பறவை முத்திரை கொண்ட பெங்குவினும் அதனுடன் சேர்ந்தது. பழைய பெயர்கள் எதையும் அழிக்கவில்லை. பெயருக்கு விற்பனை மதிப்பு இருக்கிறதே! எங்கள் பக்கத்தில் இத்தகைய இணைப்புகள் வேறு விதமாகத் தெரியும். தனித்தனியாக இருந்த நடைக் கையேடுகள் ஒன்றாகும், பக்க அமைப்புக்கான வார்ப்புகள் குறையும், அதோடு எங்களுக்குத் தரும் பக்க விலையும் குறையும்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது விவரப் படிவம். ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, விலை, பொருள் வகை எல்லாம் இணையக் கடைகளுக்குப் போகும் கோப்பில் ஏற்றும் வேலையும் எங்களிடம் வந்தது. கூடவே வரும் விற்பனைக் குறிப்பில் ‘இதைப் போன்ற நூல்கள்’ என்றொரு கட்டம் இருக்கும். அண்மையில் நன்றாக விற்ற இரண்டு மூன்று நாவல்களின் பெயரை அதில் எழுதுவார்கள். எதைப் போலவும் இல்லாத நாவல் என்றால் என்ன எழுதுவது? அந்தக் கட்டம் காலியாக வந்து நான் பார்த்ததில்லை. காலியாக விட வேண்டிய கையெழுத்துப் பிரதி எங்கள் மேசைவரை வரவே இல்லை என்பதுதான் என் ஊகம். கதாசிரியர்கள் ஏமாளிகள் அல்லர். கட்டத்தில் எழுதத் தோதான பெயர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே முதல் அத்தியாயத்தைத் தொடங்கப் பழகிவிடுகிறார்கள்.

பெங்குவின் ரேண்டம் ஹவுஸ், 217.5 கோடி டாலருக்கு சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தை வாங்க முயன்ற வழக்கை எங்கள் அலுவலகத்தில் பலரும் கவனித்தோம். பிழைப்பு அதில் இருந்தது. அமெரிக்க அரசு அந்த வழக்கில் புத்தக விலை ஏறும் என்று வாதிடவில்லை. எழுத்தாளருக்குக் கிடைக்கும் முன்தொகை இறங்கும் என்றது. இரண்டரை லட்சம் டாலரும் அதற்கு மேலும் முன்தொகை பெறும் நூல்களே வாதத்தின் மையம். ஸ்டீபன் கிங் அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். இணைந்த பிறகும் தன் முத்திரைகள் கையெழுத்துப் பிரதிகளுக்கான ஏலத்தில் ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிடும் என்று வாங்க வந்த நிறுவனம் வாக்குக் கொடுத்தது. மாமியார் வீட்டுப் பணத்தை மாமனார் கடனாகக் கேட்பது போன்ற போட்டி. நீதிபதி அதை நம்பவில்லை. 2022 அக்டோபர் 31 அன்று இணைப்பைத் தடுத்தார். மறு ஆண்டு கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் 162 கோடி டாலருக்கு சைமன் அண்ட் ஷூஸ்டரை வாங்கிக்கொண்டது. முதலீட்டு நிறுவனம் நாவலை நேசித்து வாங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. டாடா குழுமத்திடமிருந்து வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை 2016-இல் வாங்கிய அமேசான், 2022 பிப்ரவரியில் அதை மூடுவதாக அறிவித்தது. நூல்கள் கிடைக்காமல் போகும் என்று வாசகர்கள் ஓடி ஓடி வாங்கினார்கள். அந்தக் குழுவினர் பிறகு இணையக் கதைத்தளமான பிரதிலிபியுடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார்கள் என்றாலும், நன்றாக விற்றுக்கொண்டிருந்த நூலும் முதலாளியின் ஒரு முடிவில் அச்சிலிருந்து போகலாம் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை, சிறு பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்று நண்பர்கள் சொல்வதுண்டு. மாலை நேரங்களில் திருவல்லிக்கேணிப் பதிப்பகம் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்தவள் என்பதால் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அங்கே வாங்குபவர் வேறு: அரசின் நூலகத் துறை. ஒரு நாவலின் மெய்ப்பைத் திருத்திக் கொடுத்தபோது உரிமையாளர் கடைசிப் பக்க எண்ணைத்தான் முதலில் பார்த்தார்.

“பத்து ஃபாரம்கூட வரவில்லையேம்மா. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கு. ஆணை கிடைத்தால் ஃபாரக் கணக்கில்தானே விலை போடுவார்கள்?”

பெரிதாக்கினேன். ஃபாரம் என்றால் 16 பக்கம். கடைசி ஃபாரத்தில் மிஞ்சிய பக்கங்களில் எங்கள் பிற வெளியீடுகளின் பட்டியல் போனது. கிண்டியில் அதே இடத்தில் அதே குழுமத்தின் இன்னொரு நாவலின் முதல் அத்தியாயத்தைப் போடுவோம்.

ஆனாலும் வேறுபாடு இருக்கிறது. எனக்குத் தெரிந்த இளம் எழுத்தாளர் ஒருவரின் நாவலைத் திருவல்லிக்கேணியில் வேண்டாம் என்றார்கள். அதே கட்டைத் தூக்கிக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனார், அங்கும் இல்லை, கே.கே. நகரில் ஒருவர் எடுத்துக்கொண்டார். மூவருக்கும் ரசனை வேறு, பகை வேறு, கணக்குப் பிள்ளை வேறு. ஒருவர் மறுத்தது மற்றவர் கணினியில் ஏறியிருக்கவில்லை. நாவல் வெளிவந்தது. முன்தொகை கிடையாது. ராயல்டி எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் மூன்று இடத்திலும் ஒரே பதில்தான்: “புத்தகக் கண்காட்சி முடியட்டும் தம்பி.”