வலை ஊசி

செப்டம்பர் 8, திங்கள்

முதலாண்டு பி.ஆர்க் (கட்டடக்கலை) பிள்ளைகளுக்கு இன்று முதல் பேசிக் டிசைன் வகுப்பு. மொத்தம் 40 பேர். நான் உள்ளே போகும்போதே வகுப்பு மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. சென்னைப் பள்ளிகளில் படித்தவர்கள் ஜன்னல் ஓரம், ஹாஸ்டல் பிள்ளைகள் நடுவில், தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஏழெட்டுப் பேர் கடைசி வரிசையில். யாரும் சொல்லி உட்காரவில்லை, தானாக நடந்தது.

இதை ஒரு மாதம் விட்டால் கெட்டிப்பட்டுவிடும். போன பேட்ச்சில் ரோல் நம்பர்படி குழு பிரித்தேன், முதல் செமஸ்டர் முடிந்தும் பக்கத்து மேசைக்காரர் பெயர் தெரியாதவர்கள் இருந்தார்கள். அது என் தவறு. இந்த முறை அப்படி விடுவதாக இல்லை.

வீட்டில் தினமும் யாராவது கையில் எடுக்கும் ஒரு பொருளைக் கொண்டு வரச் சொன்னேன். கடையில் வாங்கி வரக்கூடாது. ஊருக்குப் போய் வர அடுத்த திங்கள் வரை நேரம்.

செப்டம்பர் 15, திங்கள்

மேசை நிறைந்துவிட்டது. முறம், அரிவாள்மணை, இடியாப்ப உழக்கு, ஆயாவின் வெற்றிலை உரல், பிஸ்கட் டின்னில் தையல் சாமான். ஒரு பெண் பித்தளைச் சொம்பு கொண்டு வந்திருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியைப் பற்றிச் சொன்னேன். சார்லஸும் ரேயும் 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இங்கே பார்த்த பொருட்களிலேயே சொம்பைத்தான் உச்சியில் வைத்தார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், தலையிலும் இடுப்பிலும் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படிச் சாயும், என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இதை ஒரு ஆள் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பல கை பட்டு வந்தது என்பது அவர்கள் கண்டுசொன்னது. அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961-ல் அகமதாபாத்தில் என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்புக் கல்வி நிறுவனம் வந்தது.

அப்புறம் வேலையைச் சொன்னேன். தன் பொருளை யாரும் வரையக்கூடாது. அடுத்தவர் பொருளை எடுத்து, ஏ2 ஷீட்டில் அசல் அளவில், குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிவதைக் காட்டும் செக்‌ஷனோடு வரைய வேண்டும். எப்படிப் பயன்படுத்துவது என்பதை உரியவரிடம் கேட்டால்தான் தெரியும்.

பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு ஒரு நாற்காலி இழுபட்டது, இன்னொன்று, அப்புறம் ஸ்டுடியோ முழுக்க ஒரே பேச்சு.

கடைசி வரிசையில் நாகப்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன். போன வாரம் முழுக்க அவன் குரலை நான் கேட்கவில்லை. அவன் கொண்டு வந்தது வலை பின்னும் ஊசி. மூங்கிலைச் சீவிச் செய்தது, ஒரு சாண் நீளம், நடுவில் நாக்கு மாதிரி ஒரு முனை. கை பட்ட இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. அது ஜன்னல் ஓரத்துப் பெண் ஒருத்தி கைக்குப் போயிற்று. இது தலை வாரும் சீப்பா என்று கேட்டாள். அவன் எழுந்து வந்து, நூலை நாக்கில் மாட்டி, அடிப்பிளவு வழியாகத் திருப்பி, மறுபக்கம் அதே நாக்கில் மாட்டிக் காட்டினான். “இப்படியே சுத்திக்கிட்டே போனா நூல் உள்ளேயே நிக்கும். கடல்ல சிக்காது.” நாலரைக்கு வகுப்பு முடிந்தும் அந்த மேசையைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

பின்-அப், வரைந்ததைச் சுவரில் குத்தி வைத்து எல்லோருமாகப் பேசும் நாள். முதலில் பேச வேண்டியது பொருளுக்கு உரியவர், நானும் இல்லை, வரைந்தவரும் இல்லை. எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். “எங்க ஆயா உரல் வாய் இவ்ளோ விரியாது, விரிஞ்சா பாக்கு வெளியே தெறிக்கும்” என்று ஒருத்தி சொன்னதைவிடத் துல்லியமான விமர்சனத்தை மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரிகளில் நான் அதிகம் கேட்டதில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை, லீவு. இன்றைக்கே ஸ்டுடியோவில் வைத்துவிட்டார்கள். டி-ஸ்கொயர், ஸ்டீல் ஸ்கேல், கட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் வலை ஊசி. பொரி சாப்பிட்டோம்.

அக்டோபர் 9, வியாழன்

ஒரு ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள், பசை கூடாது, வெட்டக் கூடாது, மடிப்பு மட்டும். அது ஒரு செங்கல்லைத் தாங்க வேண்டும். சீட்டுக் குலுக்கி நான்கு நான்கு பேராக உட்கார வைத்தேன்.

இந்தப் பயிற்சிக்கு மூலம் ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளி. 1919-ல் வைமார் நகரில் அங்கே ஆசிரியராக இருந்த இட்டென் அறிமுக வகுப்பைத் தொடங்கினார், 1923-ல் அவர் விலகியபின் ஆல்பெர்ஸும் மொஹோலி-நாகியும் எடுத்தார்கள். ஆல்பெர்ஸ் பழைய செய்தித்தாளைக் கொடுத்து ஏதாவது செய்யச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். திரும்பி வந்து எல்லாவற்றையும் தரையில் வைத்து எல்லோருமாகப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் தரைதான். அங்கே முன் வரிசை, பின் வரிசை கிடையாது.

நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். முதல் நான்கு தாளும் நசுங்கின. ஐந்தாவது, விசிறி மடிப்பை வட்டமாக வளைத்து நிறுத்தியது. செங்கல் ஏறியதும் 40 பேரும் சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். அறுபதில் நிறுத்தச் சொன்னேன், நூறு வரை போனார்கள்.

அக்டோபர் 29, புதன்

முற்றத்து வேப்பமரத்தடியில் குழுவுக்கு ஒரு மூங்கில் பந்தல், மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். நாளை ஜூரி. மாலை நான்கு மணிக்கு மழையும் காற்றும் சேர்ந்து வந்து, ஒரு குழுவின் பந்தல் சரிந்துவிட்டது. சணல் நனைந்து கட்டு நழுவியிருந்தது. அவர்கள் நின்ற நிலையைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே மற்ற குழுக்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். நாகப்பட்டினத்துப் பையன் நைலான் கயிறு கேட்டான். வலை முடிச்சை ஒரு கட்டில் போட்டுக் காட்டி, அவிழ்த்து, மறுபடி போட்டான். அவனிடம் கற்றுக்கொண்டவள் அந்த ஜன்னல் ஓரத்துப் பெண், அவளிடம் இன்னும் நான்கு பேர். மவுண்ட் போர்டில் ஊசி வெட்டிக்கொண்டார்கள், நனைந்ததும் வேறு வெட்டினார்கள். டே ஸ்காலர்கள் வீட்டுக்குப் போன் செய்து லேட்டாகும் என்றார்கள். எட்டரைக்குப் பந்தல் நின்றது.

அக்டோபர் 30, வியாழன்

ஜூரி முடிந்தது. எல்லோரும் போன பிறகு, அலமாரியில் வைத்திருந்த மூங்கில் ஊசியை எடுத்து அந்தப் பையனிடம் நீட்டினேன்.

“இருக்கட்டும் மேம், இங்கேயே இருக்கட்டும். அப்பா வேற ஒண்ணு சீவிக்கிட்டாரு.”