போர்க்காலக் கேலிச்சித்திரங்கள்: எட்டு மாதச் சேகரிப்பு

மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் ஒரு பழைய வீட்டைத் திருத்தியபோது வெளியே வந்த தடித்த கொப்பி ஒன்றிலிருந்தே என் சேகரிப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து யாரோ கத்தரித்து ஒட்டிய 31 கேலிச்சித்திரங்கள் அதில் இருந்தன. திகதி ஒன்றிலும் இல்லை.

திகதிக்கான தடயம் நறுக்கின் பின்பக்கத்தில் இருக்கும் என்பதை அறிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பசை விட்டுப்போன ஒன்றைத் திருப்பியபோது, பாதி வெட்டுண்ட தேயிலை விளம்பரத்தின் அருகே சிங்கப்பூர் சரணடைந்த செய்தியின் நான்கு வரிகள் கிடந்தன. சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பெப்ரவரி 15ஆம் திகதி. ஆகவே சித்திரமும் அதற்குச் சற்றுப் பிந்தியதே. காலம் தெரியாத கேலிச்சித்திரம் பாதி ஊமை. போலந்தின் பிணத்துக்கு இருபுறமும் நின்று ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி வணங்கிக்கொள்வதாகப் பிரித்தானியப் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ வரைந்தது 1939 செப்டெம்பர் 20ஆம் திகதி வெளியானது. சோவியத் படை போலந்துக்குள் நுழைந்து அப்போது மூன்று நாள்களே ஆகியிருந்தன என்று அறிந்து பார்த்தால்தான் அந்த மரியாதையில் உள்ள நஞ்சு தெரியும்.

அதே சித்திரத்தின் அசல் நறுக்கு என்று நம்பி நான் பணம் கொடுத்து வாங்கியது போலி. அக்கால அச்சுக்கட்டையில் அடித்த கோட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் விளிம்பில் மை பிதுங்கியிருக்கும். என்னுடையதிலோ கோடு முழுவதும் சிறு புள்ளிகளாகச் சிதறியிருந்தது. பின்பக்கமும் வெறுமையாக இருந்ததை வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் கல்லடியில் பழைய தாளைக் காப்பாற்றுவது தனி வேலை. நாளிதழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதி என்பதால் வெளிச்சம் பட்டாலே பழுத்து நொறுங்குகிறது. மாரியில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கிறது. பழைய மாப்பசையோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து. கிழிந்த இரண்டை ஒட்டுநாடாவால் சேர்த்தேன். அவற்றில் இப்போது மஞ்சள் கறை. மற்றவற்றைப் பொலியெஸ்டர் உறைகளில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடிய பெட்டியில் வைத்திருக்கிறேன்.

முதலாம் உலகப் போர்க்காலத்துக்குரியவையாக, டச்சு ஓவியர் லூயி ரேமேக்கர்ஸின் சித்திரங்கள் அச்சிட்டு சிகரெட் பெட்டிகளோடு கொடுத்த அட்டைகளில் ஒன்பது கிடைத்துள்ளன. 1916இல் வந்த அந்தத் தொகுதியில் மொத்தம் 140 அட்டைகள்!

ஆனால் நான் உண்மையில் தேடுவது 1942 ஏப்ரல் மாதத்து நறுக்குகளை. அந்த மாதம் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கடலடியிலேயே கிடக்கிறது. அதைப் பற்றிய ஒரு சித்திரமும் இதுவரை என் கைக்கு வரவில்லை. கொப்பியில் இன்னும் பிரிக்காத பதினொரு நறுக்குகளின் பின்பக்கங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.