சாயம் ஏறாத இடம்: ஓர் ஆய்வக நாட்குறிப்பு

3 ஜூலை 2025, வியாழன்

திங்கட்கிழமை இரண்டாமாண்டு மருத்துவ மாணவர்களுக்கு, பாக்டீரியாவை நிறத்தால் இரண்டாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயச் செய்முறை. ஒத்திகையாக ஒரே ஸ்லைடில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை ஒரு பக்கமும் இ. கோலை பாக்டீரியாவை மறுபக்கமும் பூசினேன். கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், நிறம் கழுவ அசிட்டோன் இரண்டே நொடி, கடைசியில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். முன்னது ஊதாத் திராட்சைக் கொத்தாகவும் பின்னது சிவப்புக் குச்சிகளாகவும் தெரிய வேண்டும். கொத்திலும் பாதி சிவந்து கிடந்தது. இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான். யாரும் பார்ப்பதற்குள் ஸ்லைடைக் கிருமிநாசினிக் குவளைக்குள் போட்டுவிட்டேன்.

ஆய்வக உதவியாளர் அக்கா பார்த்துவிட்டார். “போன வாரம் வளர்த்த தட்டு அது, டாக்டரம்மா. புதுத் தட்டு உள்ளே இருக்கிறது.”

அவர் சொன்னதுதான் சரி. பாக்டீரியா கிழடு தட்டினால் அதன் செல்சுவர் இற்றுப்போகிறது. பிடித்த ஊதாவை அதனால் தக்கவைக்க முடிவதில்லை. சாயம் பொய் சொல்லவில்லை. சுவரின் அன்றைய நிலையைத்தான் சொன்னது.

7 ஜூலை, திங்கள்

வகுப்பு நன்றாக நடந்தது, புதுத் தட்டின் புண்ணியத்தில்.

“ஒன்றில் மட்டும் ஊதா ஏன் நிற்கிறது?” என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். கரும்பலகையில் கயிற்றுக் கட்டில் வரைந்தேன். சர்க்கரைச் சங்கிலிகள் நீளவாக்கில் ஓடும் கயிறு. அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டுபவை குட்டிப் புரதத் துண்டுகள். இதுதான் பெப்டிடோகிளைக்கான். ஸ்டாஃபிலோகாக்கஸ் இதை அடுக்கடுக்காகப் பின்னி 20 நானோமீட்டருக்கும் மேல் தடிப்பாக வைத்திருக்கிறது. வயலட்டும் அயோடினும் சேர்ந்து பெரிய திரளாகிவிடும். அசிட்டோன் பட்டதும் தடித்த சுவர் நீர் வற்றி இறுகி, திரளை உள்ளேயே பூட்டிவிடும். இ. கோலையிடம் இருப்பதோ சில நானோமீட்டர் பின்னல். அதற்கு வெளியே ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு. அசிட்டோன் அந்தச் சவ்வைக் கரைத்ததும் ஊதா ஒழுகிப்போகிறது.

கட்டில் எதற்கு என்பதையும் சொன்னேன். ஸ்டாஃபிலோகாக்கஸின் உள்ளழுத்தம் ஏறத்தாழ 20 வளிமண்டலம். கார் டயரைப் போலப் பல மடங்கு. கட்டு அவிழ்ந்தால் வெடித்துவிடும். பெனிசிலின் செய்வது இதைத்தான். குறுக்கு முடிச்சுப் போடும் நொதியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பழைய கயிற்றை அறுக்கும் வேலையை மட்டும் பாக்டீரியா நிறுத்துவதில்லை. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவிடம் இந்த மருந்து பலிக்காததும் அதனால்தான்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பாக்டீரியாவை இரண்டு சாதியாகப் பிரிக்கக் கிளம்பியவர் அல்லர். பெர்லினில் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தனியாகக் காட்ட வழி தேடினார், அவ்வளவுதான். 1884இல் வெளியிட்டபோது முறை இன்னும் குறையுள்ளது என்று அவரே எழுதினார். சில கிருமிகள் நிறத்தை விட்டுவிட்டது அவருக்குக் குறையாகப் பட்டது. நாம் அந்தக் குறையை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறோம்.

8 ஜூலை, செவ்வாய்

கோழிமுட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலந்து, மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா வளர்ந்து கலங்கிய குழாயில் சில துளி விட்டேன். சில நிமிடங்களில் குழாய்க்குப் பின்னால் பிடித்திருந்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தது. வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைம் என்ற நொதி சுவரின் கயிற்றையே வெட்டிவிடுகிறது. கண்ணீரிலும் அது உண்டு. லைசோசைமைக் கண்டுபிடித்த பிளெமிங் தன் ஆய்வகத்தில் கண்களில் எலுமிச்சை பிழிந்து கண்ணீர் சேகரித்த கதையைச் சொன்னதும், மாணவன் ஒருவன் எச்சரிக்கையாகப் பின்வரிசைக்கு நகர்ந்தான்.

10 ஜூலை, வியாழன்

இன்று உறை. எனக்குப் பிடித்த நாள்.

மாக்கான்கி அகார் என்ற வளர்ப்புத் தட்டில் கிளெப்சியெல்லா பாக்டீரியா பெரிய பெரிய இளஞ்சிவப்புக் குமிழ்களாக, ஒன்றோடொன்று வழிந்து கலந்து கிடந்தது. கம்பி வளையத்தால் ஒரு குமிழைத் தொட்டு மெல்லத் தூக்கினேன். நூலாக நீண்டது. அரை சென்டிமீட்டரைத் தாண்டியும் அறவில்லை. “கம்பிப் பதம்” என்றார் பின்னால் நின்ற அக்கா. அதிரசப் பாகு காய்ச்சியவருக்கு வேறு விளக்கம் எதற்கு?

அந்தக் கொழகொழப்பு முழுக்கச் சர்க்கரைச் சங்கிலி. தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு சுவருக்கு வெளியே போர்வையாக நிற்கிறது. சாதாரணச் சாயம் அதில் ஒட்டாது. ஸ்லைடைச் சூடுகாட்டினாலோ சுருங்கிப்போகும். அதனால் சூடுகாட்டாமல், ஒரு துளி இந்தியன் இங்க் கலந்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடிப் பார்க்க வேண்டும். முதல் ஸ்லைடில் இங்க் கூடிவிட்டது, ஒரே அமாவாசை. இரண்டாவதில் கிடைத்தது: கரிய பின்புலம், நடுவில் குச்சி, அதைச் சுற்றி ஒன்றுமில்லாத ஓர் ஒளிவட்டம். இங்க் துகள் நுழைய முடியாத அந்த வெற்றிடம்தான் உறை.

கிருமிகளை விழுங்கும் இரத்த வெள்ளணுவுக்கும் அதே கதிதான். சுவரைத் தொட்டு அடையாளம் கண்டு விழுங்க வேண்டியது, வழுக்கிக்கொண்டு போகிறது. இப்படிப்பட்டவற்றை இரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எடுத்துவிட்டவர்களுக்கு உறையுள்ள கிருமிகளால் ஆபத்து அதிகம்.

இதைவிடத் தந்திரமான உறைகளும் இருக்கின்றன. மூளையுறைக் காய்ச்சலைத் தரும் மெனிங்கோகாக்கஸ் பி வகையின் உறைச் சர்க்கரை, கருவிலிருக்கும் குழந்தையின் நரம்புச் செல்கள் மீதிருக்கும் சர்க்கரையைப் போன்றது. நம் உடல் அதைத் தன் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து விட்டுவிடுகிறது. அந்த வகைக்கான தடுப்பூசிகளை உறையை விட்டுப் புரதங்களைக் கொண்டு செய்ய வேண்டிவந்தது.

11 ஜூலை, வெள்ளி

கிரிஃபித் என்ற பாக்டீரியா ஆய்வாளர் பற்றிப் பேசினேன். லண்டன், 1928. நிமோனியா தரும் நியுமோகாக்கஸில் உறையுள்ளது எலியைக் கொன்றது, உறையிழந்தது கொல்லவில்லை. வெப்பத்தில் கொன்ற உறைக்காரனையும் உயிருள்ள உறையில்லாதவனையும் சேர்த்துச் செலுத்தினார். எலி செத்தது. அதன் இரத்தத்தில் உறை போர்த்திய கிருமிகள் உயிரோடு இருந்தன. செத்தவன் கொடுத்துவிட்டுப் போனது என்ன என்பதற்கு 1944இல் நியூயார்க்கில் ஏவரி குழு சொன்ன விடை, டி.என்.ஏ. கிரிஃபித்துக்கு அது தெரியாது. 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இறந்துவிட்டார். மரபுப் பொருளைத் தேடி யாரும் அங்கே போகவில்லை, ஒரு போர்வையைத் தேடிப் போனார்கள் என்று நான் சொல்லும்போது மணி அடித்துவிட்டது. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

12 ஜூலை, சனி

அக்கா பேத்தியின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்தார். நிமோனியா ஊசி மூன்று தடவை எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டார். நியுமோகாக்கஸ் உறையில் நூறு வகைக்கு மேல் உண்டு; அவற்றில் அதிகம் தொல்லை தருபவற்றின் சர்க்கரையை மட்டும் ஊசியில் வைக்கிறார்கள். வெறும் சர்க்கரையை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால்தான் கவனிக்கும், அதையும் மறக்காமலிருக்க நினைவூட்ட வேண்டும் என்றேன். 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுதும் இலவசமாக வந்த ஊசி இது.

ஆறாவது வாரமும் பதினான்காவது வாரமும் போட்டாகிவிட்டது. ஒன்பதாம் மாதத் தேதிக்கு நேரே சாஃப்ரனின் கறை படிந்த விரலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு அட்டையை மடித்து வைத்தார்.