கபின் திறக்கும்வரை: கப்பலேறும் நாளில் கைப்பை

சொகுசுக் கப்பலில் ஏறும் நாளில் மூன்று நேரங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முனையத்துக்குள் ஆட்களை விடத் தொடங்குவது பெரும்பாலும் முற்பகல் 11 மணியளவில். கபின் திறப்பது பிற்பகல் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில். கீழே போர்ட்டரிடம் கொடுத்த சூட்கேஸ் கபின் வாசலுக்கு வந்துசேர்வது பின்னேரம் 4 மணியாகவும் இருக்கலாம், இரவு 8 மணி தாண்டியும் போகலாம். வேளைக்கே ஏறுகிறவர்கள் அரைநாளுக்கும் மேலாகக் கையில் இருக்கும் பையை மட்டும் வைத்துத்தான் சமாளிக்கவேண்டும்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த எம்பிரஸ் கப்பல் காங்கேசன்துறையில் நின்றுபோனது. ஆனால் எங்கடை ஆட்கள் ஏறுவது அநேகமாகச் சென்னையிலோ சிங்கப்பூரிலோதான். இல்லாவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் குடும்பம் முழுக்க ரிக்கெற் போட்டு, மயாமியிலோ சவுதாம்டனிலோ ஏற்றுவார்கள். அப்படிப் போகும்போது பன்னிரண்டு பேர், அம்மம்மாவிலிருந்து கைக்குழந்தைவரை, எல்லோர் கையிலும் இரண்டு பை. மத்தியானச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இந்தப் பைகள் மலையாகக் குவிந்து, அதற்குக் காவல் இருக்க ஒருவர் சாப்பிடாமல் நிற்பார். இதைத் தவிர்க்க ஒரே வழி, கைப்பையைச் சூட்கேசில் இடம் போதாத சாமான்களுக்கான பையாக நினைக்காமல் இருப்பது.

கபின் ஏன் தாமதம் என்று கேட்டால், முந்தைய பயணிகள் அதே நாள் காலையில்தான் இறங்குகிறார்கள். கடைசி ஆள் இறங்க 9 மணி, 9.30 ஆகும். ஒவ்வொரு பணியாளருக்கும் பல கபின்கள். விரிப்பு மாற்றி, கழிப்பறை கழுவி, துவாய் அடுக்கி முடியும்வரை கபின் பக்கத்து நடைபாதைக் கதவுகளை மூடியே வைத்திருப்பார்கள். சூட்கேஸ் பிந்துவதற்குக் காரணம் வேறு. ஐக்கன் ஒவ் த சீஸ் போன்ற கப்பலில் கபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கெடுத்தாலே 5,610 பயணிகள். இவர்களுடைய ஒவ்வொரு பெட்டியும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய், கம்பிக்கூண்டு வண்டியில் ஏறி, தளம் தளமாகப் பிரிந்து, கடைசியில் கையால் வாசலுக்கு வரவேண்டும். உங்களுடையது முதல் கூண்டிலா கடைசிக் கூண்டிலா என்பது அதிர்ஷ்டம்.

போர்ட்டரிடம் பெட்டியைக் கொடுக்குமுன் பழைய விமானப் பட்டிகளை எல்லாம் கிழித்துவிடுங்கள். கப்பல் கம்பனியின் பட்டியில் பெயர், கப்பல், தளம், கபின் இலக்கம் இருக்கும். வீட்டில் அச்சடித்த கடதாசிப் பட்டி என்றால் கைபிடியைச் சுற்றி மடித்து, ஸ்டேப்ளர் முள் நாலைந்து குத்தி, மேலே அகல ரேப் ஒட்டினால் கிழியாது. மழை நாளில் கடதாசி நனைந்து இலக்கம் அழிந்த பெட்டிகள்தான் இரவு முழுக்க அலைகின்றன. பட்டி கட்டிய பிறகு பெட்டியைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள்ளும் பெயரும் கபின் இலக்கமும் எழுதிய ஒரு துண்டு போடுங்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் போர்ட்டருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டொலர் கொடுப்பது வழக்கம், சில்லறையாக வைத்திருங்கள்.

போர்ட்டர் எடுத்துக்கொண்டுபோன பெட்டியைத் திரும்ப மறிக்க முடியாது. வரிசையில் பத்து நிமிடம் நின்ற பிறகுதான் "பாஸ்போட் சூட்கேசுக்குள்ளயோ?" என்று ஞாபகம் வரும். ஆகவே வாகனத்தில் இருந்து இறங்குவதற்கு முன்பே, ஒவ்வொருவரும் தங்கள் கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக் காட்டட்டும். குடும்பத்தில் ஒருவரே எல்லோருடைய கடவுச்சீட்டையும் வைத்திருப்பது எங்கள் பழக்கம். விமான நிலையத்தில் அது சரி, இங்கே சரிவராது. பதிவு மேசையில் ஆளாளாகப் படம் எடுத்து, கபின் திறப்பாகவும் பாவிக்கும் கப்பல் அட்டை கொடுத்து, வரிசையைப் பிரித்துவிடுவார்கள். கடவுச்சீட்டு, விசா, ஏறும் சீட்டு, கடனட்டை நான்கும் அவரவரிடமே இருக்கட்டும். சில பயணங்களில் கடவுச்சீட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு நகலும் தேவை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் கவனிக்க இன்னொன்று: கப்பல் ஒரு நாட்டை விட்டு வெளியே போய் அதே துறைமுகத்துக்குத் திரும்பினால், அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவோடு நின்றால் முனையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மருந்துதான் கைப்பையின் முதல் உரிமையாளர். பிறசர், சீனி, இதயக் குளிசைகள் எதுவும் சூட்கேசுக்குள் போகக்கூடாது. அன்றைய இரவுக் குளிசை மட்டும் கையில், மிச்சம் பெட்டியில் என்று பிரிப்பதும் சரியில்லை, பெட்டி அடுத்த நாளும் வராமல் போகலாம். முழுப் பயணத்துக்கும், மேலதிகமாக மூன்று நான்கு நாளுக்கும் உள்ள குளிசையை, மருந்தின் பெயர் எழுதிய உறையோடும் மருத்துவரின் துண்டோடும் வையுங்கள். எல்லாவற்றையும் உறை கழற்றி ஒரே போத்தலில் போடாதீர்கள். பாதுகாப்புப் பரிசோதனையில் என்ன குளிசை என்று கேட்டால் விளக்கம் சொல்ல முடியாது.

இன்சுலின் போடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பாவனையில் உள்ள இன்சுலின் பேனை, வகையைப் பொறுத்து, 30 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் சுமார் நான்கு கிழமை தாங்கும், மருந்தோடு வரும் விளக்கத் துண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காதவை குளிரில் இருக்கவேண்டும். ஆனால் ஐஸ்கட்டியோடு நேரே படவிடக்கூடாது, உறைந்த இன்சுலினைப் பாவிக்க முடியாது. ஐஸ் பொதியைத் துணியில் சுற்றி, சிறு குளிர்ப்பையில் வைத்து, அந்தப் பையை மேல்தள வெயிலில் விடாமல் உள்ளே நிழலில் வைத்திருங்கள். கபின்களில் உள்ள சிறு குளிர்பெட்டி பெரும்பாலும் பானத்தைக் குளிராக்கும் அளவுதான். ஏறியதும் வரவேற்பு மேசையில் மருந்துக்கான குளிர்பெட்டி இருக்கிறதா என்றும், பாவித்த ஊசியைப் போட்டுவைக்கும் டப்பா தருவார்களா என்றும் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். ஊசியைக் குப்பை வாளியில் போடுவது விரிப்பு மாற்றும் பணியாளருக்கு ஆபத்து. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் தலைசுற்றுக் குளிசையை ஆட்டம் தொடங்கிய பிறகு தேடாமல், கப்பல் புறப்படுவதற்கு முன்னர், உறையில் எழுதிய நேரப்படி போடவேண்டும். அதுவும் கைப்பைக்குள்தான்.

மற்றவை கொஞ்சம்தான். ஒரு மாற்றுடுப்பு, ஒரு ஸ்வெட்டர் (சாப்பாட்டுக்கூடத்தில் ஏசி கடுமையாக இருக்கும்), கண்ணாடி, தொலைபேசிச் சார்ஜர், பல்துலக்கி. நீந்த விருப்பமானவர்கள் நீச்சலுடுப்பை உள்ளே போட்டுக்கொண்டே வரலாம், ஈரத்துணி வைக்க ஒரு சொப்பின் பை போதும். மத்தியானம் நீச்சல்தடாகத்தில் அநேகமாகக் கூட்டம் இருக்காது, துவாய் கப்பலிலேயே கிடைக்கும். கைக்குழந்தை இருந்தால் பால்மாவும் பம்பர்சும் மறுநாள் காலைவரைக்கும் காணும் அளவுக்கு. பம்பர்ஸ் போட்ட பிள்ளையைப் பொதுத் தடாகத்தில் இறங்க விடமாட்டார்கள் என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் அழுகை. முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பட்டுச்சேலை தேவையில்லை, அநேக கப்பல்களில் அன்று சாதாரண உடுப்புத்தான். பெட்டி வராமலே சாப்பாட்டு நேரம் வந்துவிடும் என்பது கப்பல்காரருக்கும் தெரியும்.

நகை பற்றி: தாலிக்கொடி, இரண்டு காப்பு போதும். கூடக் கொண்டுவந்தால் கபின் பாதுகாப்புப் பெட்டி திறக்கும்வரை அது கழுத்தில்தான் இருக்கவேண்டும், அதோடு தடாகத்துக்கும் போக முடியாது.

பையின் அளவு. கார்னிவல் என்ற கப்பல் கம்பனி எக்ஸ்ரே இயந்திர வாயின் அளவை வைத்து 16 அங்குல உயரம், 24 அங்குல அகலம் என்று எல்லை சொல்கிறது. விமானத்தில் உருட்டும் சிறு பெட்டி இதற்குள் அடங்கும். ஆனால் அடங்குவது வேறு, அரைநாள் இழுத்துத் திரிவது வேறு. லிஃப்ட் வாசலில் அன்று திருவிழாக் கூட்டம் நிற்கும், படியேறத்தான் வேண்டும். இரு கைகளும் வெறுமையாக இருந்தால் ஒன்றில் கோப்பையும் மற்றதில் பிள்ளையும் பிடிக்கலாம், ஆகவே தோளில் மாட்டும் முதுகுப்பைதான் என் தேர்வு. 5 கிலோவுக்கு மேலே போனால் அம்மம்மா தூக்கமாட்டா, நீங்கள்தான் தூக்குவீர்கள்.

விமானத்தில் வந்து கப்பலேறுபவர்கள் முதல்நாள் இரவு ஹோட்டலில் பையை மறுபடி பிரித்து அடுக்கவேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும்போது பவர் பாங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும் (3.7 வோல்ட் கணக்கில் 27,000 மில்லி அம்பியர் மணிக்கு மேல் என்றால் விமானக் கம்பனியின் அனுமதியில்லாமல் விடமாட்டார்கள்), நகவெட்டுக் கத்தரிக்கோல் சூட்கேசில். கப்பலில் 100 மில்லிலீற்றர் திரவக் கட்டுப்பாடு இல்லை, அலகு 4 அங்குலத்துக்குக் குறைந்த கத்தரிக்கோலையும் பல கம்பனிகள் விடும். விமானத்துக்காகச் சூட்கேசில் போட்ட பாணி மருந்து, கண்மருந்து எல்லாம் இப்போது கைக்கு மாறவேண்டும். இதை ஹோட்டலில் செய்யாதவர்கள் முனையத்து நடைபாதையில் சூட்கேசை மல்லாத்தித் திறந்து செய்வார்கள்.

பெட்டி பிந்துவதற்கு நாங்களே தேடிக்கொள்ளும் காரணம், தடைசெய்த பொருள். எக்ஸ்ரேயில் அயனோ கேத்திலோ தெரிந்தால் பெட்டி வாசலுக்கு வராது, பாதுகாப்பு அறைக்குப் போகும். கப்பலில் பெரிய பயம் நெருப்பு. அதனால் சூடாக்கும் எதுவும் கூடாது. மெழுகுதிரியும் ஊதுபத்தியும் கூடாது, கற்பூரத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து வீட்டில் விடுங்கள். திருநீறு டப்பாவோடு சுவாமி கும்பிடலாம். எக்ஸ்டென்ஷன் வயரைப் பல கம்பனிகள் அடியோடு தடுக்கின்றன, மின்பாய்ச்சல் தடுப்பு உள்ள பிளக் பலகையும் அப்படித்தான். கப்பல் மின்சுற்று வீட்டு மின்சுற்றைப்போல பூமியோடு இணைத்ததல்ல, அந்தத் தடுப்பான்கள் அங்கே பிழையாக வேலைசெய்து சூடேறலாம். எங்கள் சதுர முள் பிளக் கப்பலில் அநேகமாக ஏறாது. தட்டை முள் அமெரிக்க வகையும் வட்ட இருமுள் ஐரோப்பிய வகையும்தான் இருக்கும். தடுப்பான் இல்லாத சாதாரண மாற்றுப் பிளக் ஒன்று போதும், சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தில் எங்கள் ஆட்களோடு வாதாட முடியாது. இருந்தாலும்: வீட்டில் சமைத்த சாப்பாட்டைப் பல கம்பனிகள் ஏற்றவிடாது. கடையில் வாங்கி மூடி முத்திரையிட்ட பக்கெட் என்றால் விடும். ஆகவே சொப்பின் பையில் கட்டிய பருத்தித்துறை வடை மாட்டிக்கொள்ளும், ஒட்டிய பக்கெட்டில் வந்த அதே வடை தப்பும். கருவாட்டையும் மாம்பழத்தையும் கொண்டுவரவே வேண்டாம். கப்பல் விட்டாலும் அடுத்த துறைமுகத்துச் சுங்கம் விடாது. கார்னிவல், ரோயல் கரிபியன் கம்பனிகள் இரண்டிலும் வளர்ந்தவர் ஒருவருக்கு 750 மில்லிலீற்றர் வைன் போத்தல் ஒன்று அனுமதி, அதுவும் கைப்பையில் மட்டும். சாராயம் என்றால் பறித்துவிடுவார்கள்.

ஏறியதும் எல்லோரும் மேல்தள பஃபேக்கு ஓடுவார்கள். 12 முதல் 1.30 வரை அங்கே கதிரை கிடைக்காது. சில கப்பல்களில் அன்றைக்குப் பிரதான சாப்பாட்டுக்கூடமும் மத்தியானத்தில் திறந்திருக்கும், ஊழியரிடம் கேளுங்கள். பையைக் கதிரை முதுகில் மாட்டாமல் கால்களுக்கிடையில் வைத்து வாரைக் காலில் சுற்றுங்கள். சில கம்பனிகள் கைப்பையை வாங்கி வைக்கும், சில கபின் வாசலில் வைத்துவிட்டுப் போகவிடும். கேட்காமல் நடைபாதைக் கதவைத் தள்ளிக்கொண்டு போகவேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். கொஸ்ரா கொன்கோர்டியா என்ற சொகுசுக் கப்பல் 2012 இல் கவிழ்ந்த பிறகு, கப்பல் புறப்படும் முன்னர் அல்லது புறப்பட்ட உடனேயே இந்தப் பயிற்சி கட்டாயம். இப்போது பல கப்பல்களில் தொலைபேசியில் காணொளி பார்த்துவிட்டு, அட்டையில் எழுதிய, ஆபத்து நேரத்தில் கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும்.

கபின் திறந்ததும் கடவுச்சீட்டும் நகையும் பாதுகாப்புப் பெட்டிக்குள். சூட்கேஸ் இரவு 8 வரை வராவிட்டால் முதலில் பக்கத்து வாசல்களைப் பாருங்கள், பிறகு அடுத்த தளத்தில் அதே கடைசி மூன்று இலக்கம் உள்ள கபினைப் பாருங்கள். 8214 க்குப் போகவேண்டியது 9214 இல் நிற்பது புதுமையல்ல. அங்கும் இல்லையென்றால் எடுத்துவைத்த படத்தோடு வரவேற்பு மேசைக்குப் போங்கள். பட்டி கழன்ற பெட்டிகளை ஓரிடத்தில் வைத்திருப்பார்கள். பாதுகாப்பு அறையில் இருந்தால் சொந்தக்காரர் முன்னால்தான் திறப்பார்கள். பூட்டின் திறப்பு உங்கள் கைப்பைக்குள் இருக்கட்டும்.