எருசலேமில் நடை சாத்தும் நேரம்

எருசலேமுக்கு நான் புறப்பட்டது கல்லறைக் கோயிலில் முழந்தாள் படியிட்டு ஜெபிக்க வேண்டும் என்ற நேர்ச்சைக்காக. அது நல்லபடியாக நிறைவேறியது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனசில் ஓயாமல் ஒலிப்பது, அங்கே ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில் பெண்கள் பகுதியில் நின்று நான் கேட்ட ஒரு ஜெபம். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2019 செப்டம்பர் கடைசி. என் சித்தி மகள் அங்கே ஆறு வருடமாக ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். வீடு நஹ்லவோத் பகுதியில், மஹனே யெஹுதா சந்தையைத் தாண்டி. ஆட்டோ நுழையாத அளவுக்குக் குறுகிய சந்துகள். நாலைந்து வீட்டுக்கு ஒரு பொது முற்றம். ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் எல்லா வீட்டுக்கும் தெரியும். பாட்டியின் குடும்பம் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தது. "அக்கா, பண்டிகை எல்லாம் வரிசையா வருது, இப்பவே வந்துடு" என்று தங்கை சொன்னதால் அந்தச் சமயம் பார்த்துப் போனேன். அவள் அறையிலேயே பாய் விரித்துக் கொடுத்தாள்.

யூதர்களின் திஷ்ரி மாதம் முழுக்கத் திருநாள்தான். முதலில் ரோஷ் ஹஷானா, அவர்களுடைய புத்தாண்டு. அந்த முறை பிறந்தது 5780. பத்தாம் நாள் யோம் கிப்பூர், பாவப் பரிகார நாள். பதினைந்தாம் நாள் தொடங்கி ஒரு வாரம் சுக்கோத், கூடாரத் திருவிழா. அது முடிந்த மறுநாளே தோரா மகிழ்ச்சி, அவர்களுடைய வேதமான தோராவைக் கொண்டாடும் நாள்.

புத்தாண்டு இரவுச் சாப்பாட்டு மேசையில் ஆப்பிளும் தேனும் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாட்டியின் மேசையில் பேரீச்சை, மாதுளை, சுரைக்காய், பீட்ரூட் கீரை, ஒரு மீன் தலை, இவற்றோடு ஒரு கிண்ணம் காராமணியும் இருந்தது! அவர்கள் அதை லூபியா என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் உண்டு. காராமணியை வாயில் போடும்போது, "எங்கள் நற்செயல்கள் பெருகட்டும்" என்று சொல்ல வேண்டும். தங்கை காதோரம் மொழிபெயர்த்துச் சொன்னாள். அப்போது அந்த 'எங்கள்' என் மனசில் நிற்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் விடியும் முன்பே எழுந்து ஆதேஸ் தொழுகைக்கூடத்துக்குப் போனோம். அலெப்போக்காரர்கள் 1901-ல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கல் கட்டடம். உள்ளே தோரா சுருள்களை வைக்கும் மரப்பேழை முழுக்கச் சிப்பி பதித்திருக்கிறார்கள். முத்துக்குளித்துறையில் பிறந்தவளுக்குச் சிப்பியின் பளபளப்பை யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த மங்கலான வெளிச்சத்திலும் அது பாலும் நீலமுமாக மின்னியது. ஸ்லிஹோத் என்னும் மன்னிப்புப் பாடல்களை ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடுகிறது. சந்தையில் மூட்டை தூக்குகிறவரும் வேதம் படித்த பெரியவரும் பக்கத்துப் பக்கத்தில். மார்கழிக் காலையில் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும் பஜனைக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது.

யோம் கிப்பூருக்கு முந்தின நாள் நடந்ததை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எதிர்வீட்டு அம்மாவோடு பாட்டிக்குப் பல மாதமாகப் பேச்சு இல்லை. முற்றத்தில் துணி காயப்போடும் இடத்தில் தொடங்கிய மனஸ்தாபம். இருவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே போய்விடுவார். அன்று மதியம் அந்த அம்மா கதவைத் தட்டினார். கையில் எதுவும் இல்லை. உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார். "என்னை மன்னிப்பாயா?" என்றார். பாட்டி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கை நரம்பு புடைத்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது: "மன்னித்தேன். நீயும் என்னை மன்னி." அவ்வளவுதான். அந்த அம்மா குனிந்து பாட்டியின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனார்.

கடவுளுக்கு விரோதமாகச் செய்ததை யோம் கிப்பூர் தீர்க்கும். அடுத்த மனிதருக்குச் செய்ததை, அவரைச் சமாதானப்படுத்தாத வரை அந்த நாளும் தீர்க்காது என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அதனால்தான் அன்றைக்குத் தெருவெல்லாம் இதே பேச்சு. போனிலும் இதே பேச்சு.

எதிர்வீட்டு அம்மா போன பிறகு பாட்டி என் தங்கையைக் கூப்பிட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எபிரேயத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். தங்கை அழுதுவிட்டாள். அப்புறம் கேட்டபோது சொன்னாள்: "அக்கா, இந்த வருஷம் உன்னைக் கோபமா அதட்டியிருப்பேன், ராத்திரியில தூங்கவிடாம எழுப்பியிருப்பேன், அதுக்கெல்லாம் மன்னிச்சுடுன்னு கேட்கிறாங்க." சம்பளம் கொடுக்கிறவர், எண்பது வயதைத் தாண்டியவர், வேலைக்கு வந்த பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் ஊரே அடங்கியது. பஸ் இல்லை, கார் இல்லை. வெள்ளை உடுப்பில், தோல் செருப்பைத் தவிர்த்துத் துணிச் செருப்பும் ரப்பர் செருப்புமாக எல்லாரும் நடந்து போனார்கள். இருபத்தைந்து மணி நேரம் சாப்பாடும் தண்ணீரும் கிடையாது. பாட்டி மட்டும் மாத்திரை போட வேண்டியவர். அவர்கள் வழக்கப்படி மதகுருவான ரப்பியிடம் கேட்டதற்கு, சின்னத் தம்ளரில் ஒரு மடக்கு, ஒன்பது நிமிடம் விட்டு இன்னொரு மடக்கு என்று குடிக்கச் சொல்லியிருந்தார். தங்கை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் பாட்டியின் கண் கலங்கியது. உயிரைக் காப்பதும் கட்டளைதான் என்று அவருக்குத் தெரியும்; இருந்தாலும் விரதம் தவறுகிறதே என்ற வலி.

அந்த மாலையின் முதல் ஜெபமான கோல் நித்ரே தொடங்கும் முன் ஓர் அறிவிப்பு செய்கிறார்கள்: "பாவம் செய்தவர்களோடு சேர்ந்து ஜெபிக்க அனுமதி அளிக்கிறோம்." முதலில் எனக்கு அது விளங்கவில்லை. பாவிகளைக் கூட்டத்தில் சேர்க்காமல் அந்த நாளின் ஜெபத்தைத் தொடங்கவே மாட்டார்களாம்.

அதற்குப் பிறகு பாவ அறிக்கை. அஷம்னு, பகத்னு, கஸல்னு... எபிரேய எழுத்து வரிசையில் எழுத்துக்கு ஒன்றாகப் பாவங்கள், ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் ஒரு தட்டு. நெஞ்சில் தட்டுவது எனக்குப் பழக்கமானதுதான். பூசையில், "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று தட்டித்தானே வளர்ந்தேன். ஆனால் இங்கே வார்த்தைக்கு வார்த்தை முடிவில் வரும் அந்த 'னு', தமிழில் 'ஓம்' என்று முடிவதைப் போல: குற்றம் செய்தோம், துரோகம் செய்தோம், திருடினோம். திருடாதவரும் திருடினோம் என்று சொல்கிறார். பக்கத்தில் நிற்பவர் செய்திருக்கலாம். அதை அவர் தனியாகச் சொல்லும்படி விடக்கூடாது. எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த 'னு'வுக்குள் நானும் உண்டா என்று தெரியாமலே நானும் தட்டினேன்.

மறுநாள் மாலை கடைசி ஜெபத்துக்கு நெயிலா என்று பெயர். வாசலை அடைப்பது என்று பொருள். நடை சாத்தும் நேரம் என்றால் நமக்குப் புரியும். காலையிலிருந்து சோர்ந்திருந்த கூட்டம், 'எல் நோரா அலிலா' பாட்டு எழுந்ததும் புது உயிர் வந்ததுபோல் பாடியது. கதவு சாத்தும் இந்த வேளையிலாவது எங்களுக்கு மன்னிப்பு அருளும் என்று கெஞ்சுகிற பாட்டு. மெட்டோ குழந்தைகள் குதித்துப் பாடுவதுபோல் இருக்கிறது. கடைசியில் ஷோஃபார், ஆட்டுக் கொம்பின் நீண்ட ஊதல். அது ஓய்ந்ததும் எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

அன்று இரவே சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. விரதம் முடித்த கையோடு சுக்கா கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தங்கள் முன்னோர் வனாந்தரத்தில் நாற்பது வருடம் கூடாரங்களில் இருந்ததை நினைத்து, ஒரு வாரம் அந்தப் பந்தலில்தான் சாப்பாடு, பலருக்குத் தூக்கமும் அங்கேதான். கூரை மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும். இரவில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. எங்கள் முற்றத்தில் ஒரே சுக்காதான். எதிர்வீட்டு அம்மாவின் மகன் பேரீச்ச ஓலைகளைத் தோளில் சுமந்துவந்து போட்டார்.

சுக்கோத்தில் நான்கு வகைத் தாவரங்களைச் சேர்த்துப் பிடித்து ஆசீர் சொல்வார்கள். எத்ரோக் என்பது நம்மூர் நார்த்தங்காய்க்குச் சொந்தம். வாசனையும் உண்டு, ருசியும் உண்டு. பேரீச்சங்குருத்தின் மரத்துக்குக் கனியின் ருசி மட்டும். ஹதாஸ் செடிக்கு வாசனை மட்டும். ஆற்றோரத்து அரவாவுக்கு இரண்டுமே இல்லை. வேத அறிவும் நற்செயலும் உள்ளவர், ஒன்று மட்டும் உள்ளவர், இரண்டும் இல்லாதவர் என்று மக்களுக்கு இதை உவமையாகச் சொல்கிறார்கள். அரவா இல்லாமல் அந்தக் கட்டு செல்லாது. சந்தையில் எத்ரோக்கைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்து வாங்கிய ஒரு பெரியவர், அரவாக் கிளையையும் அதே கவனத்தோடு ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போனதைப் பார்த்தேன்.

யூதர்களின் புனித இடமான மேற்குச் சுவரில் ஆசாரியர்கள் ஆசி வழங்கும் நாளுக்கும் போனோம். கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் கேட்டது, அது போதுமானதாக இருந்தது.

தோரா மகிழ்ச்சி அன்று சுருள்களை மரக்கூட்டோடு தூக்கி ஏழு முறை சுற்றி ஆடினார்கள். உபாகமத்தின் கடைசி வரியை வாசித்து முடித்த மூச்சிலேயே ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கினார்கள். பாட்டியால் படியேற முடியாது என்பதால் சன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். தெருவழியே பாடிப்போன பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசினார்.

நான் கிளம்புவதற்கு முந்தின இரவு, வேலை முடிந்த எத்ரோக்கை மேசையில் வைத்தார் பாட்டி. அதில் கிராம்பைக் குத்தி வைத்தால் காய்ந்து வருடம் முழுக்க மணக்கும். சனிக்கிழமைதோறும் சபாத் என்னும் ஓய்வுநாள் முடியும்போது முகர்வார்களாம். கதவு திறந்தே இருந்தது. எதிர்வீட்டு அம்மா தன் வீட்டு எத்ரோக்கோடும் ஒரு பொட்டலம் கிராம்போடும் வந்து, கேட்காமலே உட்கார்ந்தார். தோல் கெட்டியாக இருந்ததால் ஊசியால் முதலில் துளை போட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாட்டி ஒரு கை கிராம்பை அள்ளி என் பக்கம் நகர்த்தினார்.