கையில் ஒட்டிய வட்டம்

மார்ச் 3, 2025, திங்கள்

இடது மேல்கையின் பின்பக்கம் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் ஒட்டியாயிற்று. பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. 14 நாள் இருக்கும். உள்ளே போன இழை முடி கனம்தான். எறும்புக்கடி அளவுகூட வலிக்கவில்லை. இது அளப்பது ரத்தத்தில் இல்லை, தோலுக்கடியில் இருக்கும் நீரில். அதனால் விரலில் குத்திப் பார்ப்பதைவிடச் சில நிமிஷம் பின்தங்குமாம். "முதல் நாள் எண்ணை நம்பாதீங்க" என்றார் டாக்டர்.

மார்ச் 5, புதன்

வெறும் வயிற்றில் 124. பன்னிரண்டு வருஷமாக இந்த ஒரு எண்ணைப் பார்த்தே நிம்மதியாக இருந்தவன் நான். எட்டரைக்கு நாலு இட்லி. ஒன்பதரைக்கு 251! ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 8.2 எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. அது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி. எந்த வேளை ஏறியது என்று சொல்லாது.

மார்ச் 7, வெள்ளி

நடுராத்திரி, சென்சாரோடு இணைத்த போன் அலறியது. 57. வீட்டுக்காரி சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். எனக்கோ ஒன்றும் செய்யவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் 102. சென்சார் அழுந்தினால் இப்படிப் பொய்யாகக் குறையும் என்று சொல்லியிருந்தார்கள். "ஏங்க, இனிமே வலப்பக்கம் படுங்க" என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

மார்ச் 10, திங்கள்

இது பொய்யில்லை. கடையில் முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பமே வந்திருந்தது. இரண்டே முக்காலுக்கும் சாப்பிடப் போகவில்லை. சேலையை மடிக்கும்போது கை நடுங்கியது, கழுத்தில் வியர்வை. சென்சாரில் 66, விரலில் 63. இத்தனை நாள் இதைப் பசி என்று நினைத்து இரண்டு வடையில் முடித்திருக்கிறேன். காலையில் போடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, சோறு வரும் என்று நம்பி வேலை செய்கிறது. சோறு வராவிட்டால் ஆளை இறக்கிவிடுகிறது.

மார்ச் 13, வியாழன்

இரண்டு இட்லி, ஒரு முட்டை, கிண்ணம் நிறைய அவரைக்காய்ப் பொரியல். அப்புறம் தெப்பக்குளத்தை ஒரு சுற்று. உச்சமே 172. நேற்று அதே சாப்பாடு, நடக்கவில்லை: 205. ஞாயிற்றுக்கிழமை குடித்த ஜிகர்தண்டா பற்றி எழுத விருப்பமில்லை. கோடு அழகர்மலை மாதிரி நின்றது.

மார்ச் 17, திங்கள்

கழற்றியாயிற்று. 70க்கும் 180க்கும் நடுவில் இருந்த நேரம் முதல் வாரம் 54 சதவீதம், இரண்டாம் வாரம் 73. எழுபது சதவீதத்தைத் தாண்டினால் போதுமாம். "இட்லியை நீங்க குறைச்சிட்டீங்க, மாத்திரையை நான் குறைக்கிறேன்" என்று கிளிமிபிரைடை 2 மில்லிகிராமிலிருந்து ஒன்றாக்கினார் டாக்டர். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அப்படியே. மாதாமாதம் ஒட்டிக்கொள்ள என் சம்பளம் தாங்காது. மே மாதம் இன்னொன்று போதும் என்றார்.

மத்தியானம் முதலாளியிடம் அந்தக் கோட்டைக் காட்டினேன். "என்னண்ணே, ஷேர் மார்க்கெட்டா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று நாற்பது. "இன்னும் ஏன் நிக்கிறீங்க?"