எழுபது கிராம் பையும் இரண்டு லிட்டர் தண்ணீரும்

மலைப்பாதையில் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இடது தோளில் கயிறு அறுப்பதுபோல் ஒரு வலி. பையைக் கழற்றிப் பார்த்தால், தோள்வார் சுருண்டு திரி மாதிரி ஆகியிருந்தது. உள்ளே ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டு, மழைச்சட்டைகள் இரண்டு, ஒரு கேமரா, மதியச் சாப்பாட்டுப் பொட்டலம். எல்லாம் சேர்ந்து நான்கு கிலோவைத் தாண்டியிருக்கும். பையின் எடை மட்டும் எழுபது கிராம். அந்த எழுபதைப் பார்த்து மயங்கித்தான் அதை வாங்கியிருந்தேன்.

உடன் வந்த அக்கா அதைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். துணியின் ஊடாகப் பாட்டில்களின் உருவம் தெரிந்தது. “பையை வாங்கினாயா, பையின் நிழலை வாங்கினாயா?” என்று கேட்டாள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. பாட்டிலின் அடிப்பாகம் ஏறும் வழியெல்லாம் இடுப்பெலும்பில் இடித்துக்கொண்டே வந்திருந்தது.

எனக்குத் தேவைப்பட்டது பெரிய விஷயமில்லை. பெரிய பையைத் தங்கும் அறையில் போட்டுவிட்டு, பகலில் மட்டும் மாட்டிக்கொண்டு திரிய ஒரு சிறிய முதுகுப்பை. வேலையில்லாத நேரத்தில் அது ஒரு கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்க வேண்டும். சுருங்குவதைப் பற்றி நிறைய யோசித்தேன். விரிந்து, நிறைந்து, என் முதுகில் ஏறிய பிறகு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

அந்தப் பயணம் முடிந்து வந்த பிறகுதான் துணியைப் பற்றிப் படித்தேன். டெனியர் என்று ஒரு எண் போடுகிறார்களே, அது நூலின் கனத்தைச் சொல்வது. ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். என் பை 30 டெனியர். அதாவது ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நூலை இழுத்தாலும் முப்பது கிராம்தான் தேறும். அதைக் கொண்டு நெய்த துணி வெயிலில் கண்ணாடிபோல் தெரிந்ததில் வியப்பில்லை. இவ்வளவு மெல்லிய துணி தாங்குவதற்குக் காரணம், அதில் குறுக்கும் நெடுக்குமாகச் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த இழை ஓடுவது. உற்றுப் பார்த்தால் சிறு கட்டங்கள் தெரியும். ரிப்ஸ்டாப் என்பது இதுதான். ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த தடித்த இழையில் போய்த் தடைபடும். உண்மையைச் சொன்னால் அந்தப் பையின் துணி ஒருமுறைகூடக் கிழியவில்லை. விட்டுப்போனது தையல். தோள்வார் பையோடு சேரும் இடத்தில் நூல் இழுபட்டு, ஊசித் துளைகள் ஒவ்வொன்றும் கடுகளவு விரிந்திருந்தன.

இறங்கும்போது மழை வேறு பிடித்துக்கொண்டது. சிலிக்கோன் பூச்சுள்ள துணி என்பதால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து திறந்தால், நோட்டுப் புத்தகம் ஊறிப் பருத்திருக்கிறது. தண்ணீர் வந்த வழி தையல்கள். சிலிக்கோன் பூச்சின் மேல் தையலை அடைக்கும் நாடா சரியாக ஒட்டாது. அதனால் இந்த வகைப் பைகளில் பெரும்பாலும் தையல்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். துணி தண்ணீர் புகாதது என்றால் பையும் புகாதது என்று நான் எடுத்துக்கொண்டது என் பிழை. இப்போது நனையக் கூடாத பொருள்களை ஒரு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சுருட்டிவிடுகிறேன். அதற்கு மேல் எந்தத் தொழில்நுட்பமும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பையில் இந்தக் குறை இல்லை. கனத்த துணி, உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு, தையல்களின் மேல் நாடா. ஒரு மழைப் பயணத்தில் நன்றாகவே உழைத்தது. ஊர் திரும்பிய இரவு, ஈரம் முழுதாகக் காயும் முன்பே அதன் உறைக்குள் திணித்து அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தால், விரிக்கவே முடியவில்லை. துணி துணியோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் பிரிக்கப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. புளித்த நெடி வேறு. ஈரப்பதம் இந்தப் பூச்சை வேதியியல் முறையில் சிதைத்துவிடும். மூடிய இடத்தில் வைத்தால் இன்னும் மோசம். அதனால் மடிப்புப் பையை வீட்டில் மடித்து வைக்கவே கூடாது என்பது என் கட்சி. கொக்கியில் தொங்க விடுங்கள், பயணத்துக்குக் கிளம்பும் நாளில் சுருட்டிக்கொள்ளலாம். அப்போதும் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடிக்காமல், கைக்கு வந்தபடி திணிப்பதே நல்லது. மடிப்புக்கோடு விழும் இடத்தில்தான் பூச்சு முதலில் வெடிக்கிறது.

மூன்றாவதை வாங்குவதற்கு முன் வேறொரு பாடமும் கிடைத்தது. அது மலையில் இல்லை, விமான நிலையத்தில். சிறிய விமானம். தலைக்கு மேலுள்ள அடுக்கில் இடம் போதாது என்று, ஏறும் வாசலிலேயே சக்கரப் பெட்டிகளை வாங்கிக் கீழே சரக்கறைக்கு அனுப்பினார்கள். பவர் பேங்கைச் சரக்கறையில் போட அனுமதி இல்லை; பயணி அதைத் தன்னோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துகள், கண்ணாடி, பாஸ்போர்ட் இவற்றையும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மடிப்புப் பை என்னிடம் இருந்தது. எங்கே? பெட்டியின் அடியில், எல்லா உடைகளுக்கும் கீழே. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் மண்டியிட்டு உள்ளாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். அன்று முதல் அது பெட்டியின் வெளிப்பையில்தான் இருக்கிறது. (பவர் பேங்கில் எவ்வளவு மின்னாற்றல் தேங்கும் என்பதை வாட்-அவர் கணக்கில் அதன் மேல் அச்சிட்டிருக்கும். நூறுக்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி கேட்பதில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-அவர் உள்ளது ஏறக்குறைய 74 வாட்-அவர்.)

கொள்ளளவைப் பற்றி எனக்கு இருந்த குழப்பமும் கொஞ்சமில்லை. பதினெட்டு லிட்டர் என்று எழுதிய இரண்டு பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று இன்னொன்றின் அண்ணன்போல் இருந்தது. சிறிய பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி நிரப்பி அளப்பது ஒரு முறை. ஆனால் வெளிப்பைகளைக் கணக்கில் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. ஆகவே எண்ணை விட்டுவிட்டேன். நான் வழக்கமாகப் பகலில் சுமக்கும் பொருள்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போனேன், தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்கள் உட்பட. கடைக்காரர் முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவரே நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஐந்து பைகளை நிரப்பி, மாட்டி, கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மூன்று பைகள் முதல் சுற்றிலேயே கழிந்துவிட்டன. ஒன்றில் பக்கவாட்டுப் பை ஆழமில்லாமல், குனிந்தவுடன் பாட்டில் தரையில் உருண்டது. மற்றொன்றில் பை நிறைந்ததும் ஜிப் மூட மறுத்தது. இன்னொன்று வெளிர் மஞ்சள். உள்ளே இருந்த பணப்பை வெளியே தெரிந்தது. கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு இதைவிட மோசமான நிறம் கிடையாது.

கடைசியில் எடுத்தது சுமார் நூற்றெண்பது கிராம். 70 டெனியர் நைலான், வலைத்துணி வைத்த அகலமான தோள்வார்கள், வார் சேரும் இடங்களில் நெருக்கமாக இழைத்த தையல், ஆழமான இரண்டு பக்கவாட்டுப் பைகள். தன் சொந்த உள்பைக்குள்ளேயே திரும்பிச் சுருங்கிவிடும். தனி உறை கொடுக்கும் பைகளை நான் இப்போது தொடுவதில்லை. உறையை எங்கே வைத்தோம் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடுகிறது. மார்புப் பட்டி ஒன்றும் இருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டேன். வேகமாக இறங்குபவர்களுக்கு அது உதவலாம்.

முதுகுப்பக்கம் தகடு கிடையாது, எந்த மடிப்புப் பையிலும் அநேகமாக இருக்காது. அதற்கு நான் செய்வது, மழைச்சட்டையைத் தட்டையாக மடித்து முதுகை ஒட்டி முதலில் வைப்பது. பிறகுதான் மற்றவை. பாட்டில்கள் இரண்டும் பக்கவாட்டில், சமமாக. ஒரு பக்கம் குடித்துவிட்டு மறுபக்கம் நிறைந்திருந்தால் பை சாய்ந்துகொள்ளும் என்பதால், மாற்றி மாற்றிக் குடிக்கும் பழக்கமும் வந்துவிட்டது. நூற்றுப்பத்து கிராம் கூடுதல் எடையைத் தோள் இதுவரை கவனிக்கவே இல்லை. நாலைந்து வாய்த் தண்ணீர் கூடக் குடித்தால் தீர்ந்துவிடும் எடை அது.

போன மாதம் அக்கா ஒரு வாரப் பயணத்துக்கு அதைக் கேட்டு வாங்கிப் போனாள். திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. பை நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். எப்போது தருவாள் என்று சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் கிளம்ப வேண்டும். எழுபது கிராம் பையின் வாரை நேற்று இரவு இரட்டை நூலால் தைத்து வைத்திருக்கிறேன், தண்ணீர் ஒரு லிட்டர் மட்டும் என்ற நிபந்தனையோடு.